கணக்கில் விடுபட்டவர்கள்: வடக்கே ஒரு டிரெய்லர் பயணம்

டிரெய்லர் என்றதும் சினிமா டிரெய்லர் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது வேறு டிரெய்லர். படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதற்குச் சக்கரம் மாட்டி, பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த வீடு. போன கோடை விடுமுறைக்கு கனடாவில் எட்மன்டனில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா அப்படி ஒன்றைப் பழையதாக வாங்கி வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். "வடக்கே போவோமா?" என்றார். கனடாவே உலகத்துக்கு வடக்கேதானே இருக்கிறது, அதற்கும் வடக்கே என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

நிறைய இருக்கிறது மக்களே. அலாஸ்கா நெடுஞ்சாலை இருக்கிறது. அதன் ஓரத்தில் ஊருக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன மியூசியங்கள் இருக்கின்றன.

இது பயணக் கட்டுரை இல்லை. என்ன சாப்பிட்டோம் (புளிசாதம், பிரெட், மறுபடியும் புளிசாதம்), எத்தனை கொசு கடித்தது (எண்ணவில்லை) என்றெல்லாம் எழுதப்போவதில்லை. மாமாவுக்கு ஒரு கொள்கை உண்டு. எரிபொருள் போட நிறுத்துகிற ஊரில் மியூசியம் இருந்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். அத்தை மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஒவ்வொரு ஊரிலும் "இன்னொரு மியூசியமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். மூன்றாவது ஊர் வரை நானும் மனதுக்குள் அவன் கட்சிதான்.

ஒரு பாடம் முதலில்

நான் படிப்பது பி.காம். வரலாறு எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. அதனால் எதைப் பார்த்தாலும் கணக்குப்பதிவியல் கண்ணால்தான் பார்க்க வருகிறது. இந்தக் கட்டுரைக்கு அதில் ஒரே ஒரு பாடம் தேவை. காமர்ஸ் படிக்காதவர்களும் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் புத்தகத்தில் பற்றும் வரவும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க 'இருப்பாய்வு' தயாரிப்போம். இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்துவிட்டால் ஆசிரியர் 'டிக்' போடுவார், நாமும் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இருப்பாய்வால் கண்டுபிடிக்கவே முடியாத பிழைகள் சில உண்டு. அதில் ஒன்று 'முழு விடு பிழை'. ஒருவரிடம் கடனுக்குச் சரக்கு வாங்குகிறோம், குறிப்பேட்டில் எழுதவே மறந்துவிடுகிறோம் என்று வையுங்கள். பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை. இரண்டு பக்கமும் கச்சிதமாகச் சமமாகிவிடும். கூட்டல் சரி, கணக்கு தப்பு.

அப்படியானால் அந்தப் பிழை எப்போது தெரியும்? நம் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் தெரியாது. சரக்குக் கொடுத்தவர் தன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வண்டியை எடுப்போம்.

மைல் பூஜ்ஜியம்

எட்மன்டனிலிருந்து சுமார் 590 கிலோமீட்டரில் டாசன் கிரீக். அலாஸ்கா நெடுஞ்சாலையின் 'மைல் 0' இங்கேதான். 1931-ல் இங்கே ரயில் வந்தது. அந்தப் பழைய ரயில் நிலையம்தான் இப்போது மியூசியம். பக்கத்திலேயே இருந்த தானியக் கிடங்கு ஓவியக் கூடமாகிவிட்டது. நம்மூரில் பழைய கட்டிடம் என்றால் முதலில் இடிப்பதைப் பற்றித்தான் பேசுவோம், அதனால் எனக்கு இதுவே ஆச்சரியமாக இருந்தது.

இந்தச் சாலை எதற்குப் போடப்பட்டது என்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. அலாஸ்கா அமெரிக்காவுடையது, ஆனால் நடுவில் கனடா கிடக்கிறது. தரை வழியே அங்கே போகச் சாலையே கிடையாது. வடமேற்குக் கனடாவில் ஃபோர்ட் நெல்சன், வாட்சன் லேக், வைட்ஹார்ஸ் என்று வரிசையாக விமானத் தளங்கள் இருந்தன. அவற்றைக் கோர்த்து ஒரு சாலை போடுவது என்று 1942 பிப்ரவரியில் முடிவானது. மார்ச் 8-ல் வேலை தொடங்கியது. ஜூன் மாதம் ஜப்பான் அலாஸ்காவின் டச்சு ஹார்பரில் குண்டு போட்டு, அட்டு, கிஸ்கா என்ற இரண்டு தீவுகளையும் பிடித்துக்கொண்டது. வேலை இன்னும் வேகமெடுத்தது. அக்டோபர் கடைசியில் இரு திசைகளிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த பாதைகள் சேர்ந்துவிட்டன. நவம்பர் 20-ல் திறப்பு விழா. கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர் காடு, மலை, சதுப்பு நிலம், எட்டே மாதம்!

ஒப்பந்தமும் சுவாரஸ்யமானது. நிலம் கனடாவுடையது, செலவு அமெரிக்காவுடையது, போர் முடிந்து ஆறு மாதத்தில் கனடாவுக்குள் இருக்கும் பகுதியைக் கனடாவிடம் ஒப்படைக்க வேண்டும். சொன்னபடியே 1946 ஏப்ரல் 1-ல் ஒப்படைத்தார்கள். பற்று, வரவு இரண்டும் சரி. டிக்.

இப்போது எழுதாமல் விட்டதைப் பார்ப்போம்.

சாலை போட்டது 10,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவ வீரர்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேர் கறுப்பினத்தவர்கள். அப்போதைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பர்களுக்குத் தனிப் படைப்பிரிவு, வெள்ளையர்களுக்குத் தனிப் படைப்பிரிவு. பெரும்பாலும் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த வெயில் நாட்டுப் பிள்ளைகள். அவர்களைக் கொண்டுபோய் உறைபனிக் குளிரில் கூடாரம் அடித்துத் தங்க வைத்தார்கள். ஊர்ப்பக்கம் போகக் கூடாது என்று தள்ளியே வைத்தார்கள். அலாஸ்காவின் ராணுவத் தளபதியாக இருந்த பக்னர், இவர்கள் போருக்குப் பிறகு அங்கேயே தங்கிவிடக் கூடாது என்று கவலைப்பட்டுக் கடிதமே எழுதியிருக்கிறார். 95-வது ரெஜிமென்டின் பெரிய இயந்திரங்களை வெள்ளையர் படைப்பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கையில் மிஞ்சியது கோடாரி, ரம்பம், மண்வெட்டி. அதை வைத்துக்கொண்டே அவர்கள் சிகானி சீஃப் ஆற்றின் மேல் நான்கு நாளுக்குள் ஒரு மரப்பாலம் கட்டி முடித்தார்கள்.

இந்தச் சாலையின் கதையில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு புகைப்படம் உண்டு. 1942 அக்டோபரில் பீவர் கிரீக் அருகே இரண்டு பாதைகளும் சேரும் இடத்தில் இரண்டு வீரர்கள் கை குலுக்குகிறார்கள். ஒருவர் ரெஃபைன்ஸ் சிம்ஸ், கறுப்பர். இன்னொருவர் ஆல்ஃபிரட் ஜலூஃப்கா, வெள்ளையர். படம் அழகான படம். ஆனால் போர் முடிந்து பல வருடங்களுக்கு, சாலையைப் பற்றிய பெருமைப் பேச்சில் சிம்ஸின் தோழர்கள் இடம் பெறவே இல்லை. 1948-ல் அதிபர் ட்ரூமன் ராணுவத்தில் இனப்பிரிவினையை ஒழிக்க உத்தரவு போட்டார். அதே வருடம் இந்தச் சாலை பொதுமக்களுக்கு முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. 1993-ல்தான் அலாஸ்காவில் கெர்ஸ்டில் ஆற்றுப் பாலத்துக்குக் கறுப்பின வீரர்களின் நினைவாகப் பெயர் மாற்றினார்கள். 2017-ல் அக்டோபர் 25-ஐ அவர்களுடைய பங்களிப்பின் நினைவு நாளாக அலாஸ்கா அறிவித்தது. வேலை செய்தது 1942, வரவு வைத்தது 2017. கழித்துப் பாருங்கள்.

மைல் 300, ஆனால் 283

ஃபோர்ட் நெல்சனின் பழைய அடையாளம் 'மைல் 300'. ஆனால் வண்டியில் அளந்தால் டாசன் கிரீக்கிலிருந்து 283 மைல்தான் வரும். காரணம், அவசரத்தில் போட்ட பாதையை அடுத்தடுத்த ஆண்டுகளில் வளைவு எடுத்து நிமிர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். சாலை குட்டையாகிவிட்டது. ஊர்க்காரர்கள் மட்டும் பழைய எண்ணை விடவில்லை. முன் ஆண்டு இருப்பை அப்படியே முன்கொணர்ந்து எழுதுவது மாதிரி.

இந்த ஊர் மியூசியம் பழைய கார்கள், இயந்திரங்கள், வேட்டைக்காரர் குடிசை, பாடம் செய்யப்பட்ட ஒரு வெள்ளை மூஸ் மான் என்று கலவையாக இருக்கும். மூஸைப் பார்த்ததும் நம்ம பன்னிரண்டு வயதுக்காரன் கட்சி மாறிவிட்டான். அதற்குப் பிறகு "அடுத்த மியூசியம் எப்போ வரும்?"

பலகைக் காடு

வாட்சன் லேக்கில் இருப்பது மியூசியம் என்று சொல்ல முடியாது. ஊர்ப்பெயர்ப் பலகைகளால் ஆன காடு. 1942-ல் கார்ல் லிண்ட்லி என்ற வீரர் காயம்பட்டு இங்கே தங்கியிருந்தார். வழிகாட்டிப் பலகையைப் பழுது பார்க்கச் சொன்னபோது, வீட்டு ஞாபகத்தில் தன் ஊரான இல்லினாயின் டான்வில் எந்தத் திசை, எத்தனை மைல் என்று ஒரு பலகையும் சேர்த்து அடித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் அடித்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அடித்தார்கள். இன்றைக்கு 80,000-க்கும் மேல் பலகைகள்.

மாமா எட்மன்டனிலிருந்தே ஒரு மரப்பலகை தயார் செய்து கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊர்ப்பெயர், தமிழில். ஜெர்மனிக்கும் டெக்சாஸுக்கும் நடுவில் இடம் பார்த்து நான்தான் ஆணி அடித்தேன். பெருமையாகப் போட்டோ எடுத்துக்கொண்டோம். யாருடைய நிலத்தில் ஆணி அடிக்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அது காஸ்கா மக்களின் பூர்வீக நிலம் என்பதை இரண்டு நாள் கழித்து வேறு ஊரில் ஒரு புத்தகத்தில்தான் படித்தேன். மற்றவர்கள் விட்ட பிழையைப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தவன், நானே ஒன்று போட்டிருக்கிறேன்!

சாலை வருவதற்கு முன்பே கார்

எனக்கு மிகவும் பிடித்த மியூசியம் டெஸ்லினில் இருக்கும் ஜார்ஜ் ஜான்ஸ்டன் மியூசியம். ஏரிக்கரையில் ஒரு குட்டி ஊர். ட்லிங்கிட் பழங்குடி மக்கள் வாழும் ஊர்.

ஜார்ஜ் ஜான்ஸ்டன் அந்த மக்களில் ஒருவர். கண்ணி வைத்து விலங்கு பிடித்து, தோல் விற்றுப் பிழைத்தவர். 1928-ல் தோல் விற்ற காசில் ஒரு செவ்ரோலே கார் வாங்கினார். நீராவிப் படகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து இறக்கினார். இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அப்போது டெஸ்லினில் சாலையே கிடையாது. ஒரு அடி கூடக் கிடையாது. மனுஷன் அசரவில்லை. சில மைல் தூரத்துக்குத் தானே காட்டை வெட்டிப் பாதை போட்டார். காரை டாக்சியாக ஓட்டினார். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியின் மேலேயே ஓட்டினார். வேட்டைக்குப் போகும்போது பனியில் தெரியாமல் இருக்கக் காருக்கு வெள்ளை பெயின்ட் அடித்தாராம். ராணுவத்தின் நெடுஞ்சாலை வந்து சேர்ந்தது அதற்குப் பதினாலு வருடம் கழித்து. அந்தக் கார் இன்றும் அந்த மியூசியத்துக்குள் நிற்கிறது.

'நாகரிகம் தெரியாத காட்டுக்கு ராணுவம் சாலை கொண்டுவந்தது' என்பதுதான் நாம் பொதுவாகப் படிக்கும் கதை. அந்தக் கார் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இன்னொன்றும் செய்தார் ஜான்ஸ்டன். கேமரா வாங்கி, தன் ஊர் ஆட்களைத் தானே படம் எடுத்தார். வேட்டை முடிந்து வருகிறவர்கள், விருந்துக்குக் கூடியவர்கள், காரைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள். வெளியிலிருந்து வந்து பழங்குடிகளை எடுத்த படங்களில் எல்லோரும் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இவர் எடுத்த படங்களில் சொந்தக்காரனைப் பார்க்கிற முகங்கள். 1942-43-ல் நெடுஞ்சாலையோடு தட்டம்மை முதலான நோய்களும் இந்த ஊருக்கு வந்தன. ஒன்று விட்டால் ஒன்று என்று ஊரையே படுக்க வைத்தன. 'எட்டு மாதத்தில் சாலை' என்ற சாதனைக் கணக்கில் அந்தச் செலவு ஏறவில்லை. அது டெஸ்லின் புத்தகத்தில்தான் இருக்கிறது. நான் சொன்னேனே, எதிராளியின் நோட்டு என்று, அதை முதன்முதலில் கண்ணால் பார்த்தது இங்கேதான்.

வங்கிப் பேரேட்டில் ஒரு பெயர்

யூகானின் தலைநகரம் வைட்ஹார்ஸ். இங்கே ஆற்றங்கரையில் எஸ்.எஸ். க்ளோண்டைக் என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1937-ல் கட்டியது, 1955-ல் ஓய்வு. சாலை வந்தபின் ஆற்றுக் கப்பலுக்கு வேலை இல்லை. 1966-ல் இதை ஊர்த் தெருக்கள் வழியாகவே இழுத்துக்கொண்டு வந்து இப்போதைய இடத்தில் வைத்தார்கள். வழுக்கிக்கொண்டு வருவதற்காக டன் கணக்கில் சோப்பு போட்டார்களாம். (சோப்புச் செலவை எந்தக் கணக்கில் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தேன். படிப்பு அப்படி.)

மாக்பிரைட் மியூசியத்தில் சாம் மெக்கீயின் மரக்குடிசை இருக்கிறது. சாம் மெக்கீ யார்? ராபர்ட் சர்வீஸ் என்ற கவிஞர் வைட்ஹார்ஸில் வங்கி ஊழியராக இருந்தவர். ஒரு கவிதைக்கு எதுகைக்குத் தோதாகப் பெயர் தேடியபோது வங்கிப் பேரேட்டில் இருந்த ஒரு வாடிக்கையாளரின் பெயரை எடுத்துக்கொண்டார். 1907-ல் கவிதை வெளியாகிப் பிரபலமாகிவிட்டது. கவிதையில் சாம் மெக்கீ டென்னசிக்காரர், குளிரில் செத்துப்போய் எரிக்கப்படுகிறார். நிஜ மெக்கீ ஒன்டாரியோக்காரர், உயிரோடு சாலை போட்டுக்கொண்டிருந்தார்! பல வருடம் கழித்து அவர் யூகானுக்கு வந்தபோது, 'சாம் மெக்கீயின் அஸ்தி' என்று யாரோ அவரிடமே விற்கப் பார்த்ததாக ஒரு கதை சொல்வார்கள்.

கணக்கில் பெயர் இருந்தால் மட்டும் போதாது என்று அப்போது புரிந்தது. பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

யார் கண்ட தங்கம்?

வைட்ஹார்ஸிலிருந்து இன்னும் 530 கிலோமீட்டர் வடக்கே டாசன் சிட்டி. டாசன் கிரீக்கும் டாசன் சிட்டியும் ஒரே ஆளின் பெயரால் வந்தவை. ஜார்ஜ் டாசன் என்ற நிலவியலாளர். டாசனில் தொடங்கி டாசனுக்கே வந்திருக்கிறோம், நடுவில் 1,950 கிலோமீட்டர். ஜூன் மாதம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வெளிச்சம். டிரெய்லர் ஜன்னலுக்கு அத்தை அலுமினியத் தாள் ஒட்டினால்தான் தூக்கம்.

1896 ஆகஸ்டில் இங்கே பக்கத்து ஓடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. அடுத்த இரண்டு வருடத்தில் உலகமெங்குமிருந்து லட்சம் பேர் கிளம்பினார்கள். வந்து சேர்ந்தது அதில் பாதி கூட இல்லை. 1898-ல் டாசனில் சுமார் 30,000 பேர் இருந்தார்கள். மியூசியம் இருப்பது 1901-ல் கட்டிய அரசு நிர்வாகக் கட்டிடத்தில். 1953-ல் தலைநகரை வைட்ஹார்ஸுக்கு மாற்றும்வரை யூகானின் தலைநகரம் இந்த ஊர்தான்.

தங்கத்தைக் கண்டவர்கள் யார்? ஓடைக்கரையில் இருந்தது நான்கு பேர். ஜார்ஜ் கார்மாக் என்ற வெள்ளையர், அவர் மனைவி ஷா த்லா என்ற கேட், கேட்டின் அண்ணன் தம்பி உறவில் ஸ்கூகம் ஜிம் என்ற கெய்ஷ், அவர்களுடைய மருமகன் டாசன் சார்லி. கேட், ஜிம், சார்லி மூவரும் பழங்குடிகள். முதலில் தங்கத்தைப் பார்த்தது யார் என்பதில் ஆளுக்கொரு கதை. ஆனால் 'கண்டுபிடிப்பு' என்ற உரிமை பதிவானது கார்மாக் பெயரில். பழங்குடி ஒருவர் கண்டுபிடித்தார் என்றால் அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள் என்று காரணம். ஜிம்முக்கும் சார்லிக்கும் ஆளுக்கொரு நிலத்துண்டு பதிவானது. கேட் பெயரில் எதுவுமே இல்லை. 1900-ல் கார்மாக் அவரைக் கைவிட்டார். கேட் கார்க்ராஸுக்குத் திரும்பி 1920-ல் இறந்துபோனார். கனடாவின் சுரங்கத் துறைப் பெருமக்கள் பட்டியலில் மற்ற மூவரும் 1999-லேயே ஏறிவிட்டார்கள். கேட் ஏறியது 2019-ல்.

பதிவேடு சரிதான். அதில் ஒரு பொய் கூட இல்லை. ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

புதைத்ததும் ஒப்படைத்ததும்

டாசனில் இரண்டு கதைகள் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதல் கதை. அந்தக் காலத்துச் சினிமாப் படச்சுருள்கள் ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியாக வந்து சேரும் இடம் டாசன். இங்கே வருவதற்குள் படம் பழசாகிவிடும். திருப்பி அனுப்பும் கூலிக்குப் படம் பெறாது என்று கம்பெனிகள் திரும்ப வாங்கவில்லை. வருடக்கணக்கில் குவிந்தது. கொஞ்சத்தை ஆற்றில் போட்டார்கள், கொஞ்சத்தை எரித்தார்கள். மிச்சத்தை 1929-ல் பழைய நீச்சல் குளத்துக்குள் போட்டு மூடி, மேலே பனிச்சறுக்குத் தளம் அமைத்தார்கள். 1978-ல் ஏதோ கட்டிடத்துக்காகத் தோண்டியபோது 500-க்கும் மேற்பட்ட சுருள்கள் வெளியே வந்தன. உறைநிலம் குளிர்பெட்டியாக இருந்து காப்பாற்றியிருக்கிறது. அவற்றில் பல படங்களுக்கு உலகத்தில் வேறு பிரதியே இல்லை. வாணிபக் கணக்கில் அன்று எடுத்த முடிவு நூற்றுக்கு நூறு சரி. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டாவது கதை. டாசன் இருக்கும் இடம் ட்ரான்டெக் ஹ்வெச்சின் மக்களுடையது. 'க்ளோண்டைக்' என்ற பெயரே 'ட்ரான்டெக்' என்பதை வெள்ளையர்கள் திருத்தமில்லாமல் உச்சரித்ததால் வந்ததுதான். தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கியதும், அவர்களுடைய தலைவர் ஐசக் தன் மக்களை ஆற்றின் கீழ்ப்போக்கில் மூஸ்ஹைட் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார். இந்த நெருக்கடியில் தங்கள் பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவு மக்களிடம் கற்றுக்கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள் என்று ஒப்படைத்தார். ஐசக் 1932-ல் இறந்தார். அலாஸ்காக்காரர்கள் அந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மூன்று தலைமுறை கழித்து, கேட்டு வந்தவர்களின் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கதையை ஆற்றங்கரையில் அந்த மக்களே நடத்தும் டனோஜா ஷோ என்ற பண்பாட்டு மையத்தில் கேட்கலாம். 1998-ல் அவர்களுக்குத் தன்னாட்சி ஒப்பந்தம் ஆனது. 2023-ல் இந்தப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது, 'ட்ரான்டெக்-க்ளோண்டைக்' என்று இரண்டு பெயரையும் சேர்த்து.

நம்மில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: அடைக்கலப் பொருள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஒருவர் வாயில் வைத்துவிட்டுப் போனதை இன்னொருவர் வாயிலிருந்து வாங்கிக்கொள்வது.

ஒரே ஊரில் நடக்கும் தூரத்தில் இரண்டு இடங்கள். மியூசியம் சொல்வது தங்கத்தின் கதை. பண்பாட்டு மையம் சொல்வது நிலத்தின் கதை. எது உண்மை என்று அத்தை மகன் கேட்டான். 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' என்று ஒன்று படித்திருக்கிறேன். நம் ரொக்க ஏட்டையும் வங்கியின் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து, எங்கே வித்தியாசம், ஏன் வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. இரண்டும் நேர்மையாக எழுதியதாகவே இருக்கும். ஆனாலும் ஒத்துப் போகாது. இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் இருப்பதே தெரியாது. அவனுக்கு இந்த மாதிரியெல்லாம் சொல்லவில்லை. "ரெண்டையும் பார்க்கணும்டா" என்றேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டால் நானும் விடு பிழை செய்தவன் ஆவேன்.

எங்கள் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் இறந்து கடையைக் காலி செய்தபோது பரணில் நாற்பது வருடப் பேரேடுகள் இருந்தன. சிவப்புத் துணி அட்டை போட்டவை. கரையான் அரிக்கிறது என்று எடைக்குப் போட்டோம். சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் போட்டது நான்தான். கிடைத்த காசுக்குப் பரோட்டா சாப்பிட்டேன். டாசனில் படச்சுருள் கதையைக் கேட்டபோது எனக்கு அந்தச் சிவப்பு அட்டைகள்தான் ஞாபகம் வந்தன.

ஊருக்கு வந்ததும் ஒரு யோசனை. கடைப் பேரேடு போய்விட்டது, சரி. வாடிக்கையாளர்களிடம் சின்னதாகப் பற்று வரவு நோட்டு இருக்குமே, தாத்தாவே எழுதிக் கொடுப்பது! தெருவில் விசாரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வீட்டு ஆச்சி மட்டும் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். தாத்தாவின் சாய்ந்த கையெழுத்து. அரிசி, கருப்பட்டி, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து. ஒவ்வொரு வரியாகப் படிக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு பக்கத்தில் 'தோடு 1 ஜோடி' என்று இருந்தது. அடகாக வாங்கியது. அடுத்தடுத்த பக்கங்களில் கடன் அடைந்துகொண்டே வருகிறது, அடைந்தும் விடுகிறது. தோடு திரும்பியதாக ஒரு வரி இல்லை.

எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒன்றுதான்: இல்லாதவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவர். அது பொய் இல்லை. எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"தோடு திரும்ப வந்ததா ஆச்சி?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு போய்யா. ஒங்க தாத்தா நல்ல மனுசன்தான்" என்றார்கள்.

அந்த வீட்டு வாசலில் பேசாமல் நின்றேன். எங்கள் பேரேட்டில் அது வரவு வைக்கப்பட்டிருக்கலாம், திருப்பிக் கொடுத்த தேதி கூட இருந்திருக்கலாம். பார்க்க வழியில்லை. அதை எடைக்குப் போட்டவன் நான். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நோட்டை ஆச்சிகிட்டயே திருப்பிக் குடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன்.

அடுத்த நாள் அப்பா அந்த வீட்டுப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் ஊரில் மியூசியம் இருந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் பரணைப் பாருங்கள். அப்படியே எதிர்வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால்.